பழுது ஓரிடம்! பழி ஓரிடம்!



ஆவணி மாதத்து முதல் பெரிய முகூர்த்த நாள். விடியற்காலை நான்கு மணி. மயிலம் மலைமேல் முருகன் சந்நிதியில் கல்யாணம். திண்டிவனம் போய்ப் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்குள் மலையடிவாரத்தில் இறக்கிவிட வேண்டும். அப்பா குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

டக்... டக்... டக்...

செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் போர்டில் விளக்குகள் ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தன. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் தள்ளிப் பார்த்தோம். பேட்டரி ஒரேயடியாகப் படுத்துவிட்டால், இந்தக் காலத்து வண்டியில் பெட்ரோல் பம்பும் விழிக்காது, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரும் விழிக்காது. தள்ளினால் மூச்சு வாங்கும், வண்டி கிளம்பாது.

பெண் வீட்டார் வேறு வண்டி பிடித்துப் போனார்கள். வாங்கிய அட்வான்ஸை அப்பா மறுநாள் திருப்பிக் கொடுத்தார். பணம் போனதுகூடப் பெரிதில்லை நண்பர்களே! "அந்த ஆளு வண்டியா? நம்பிப் போவ முடியாதுப்பா" என்று கூட்டேரிப்பட்டு டீக்கடையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, அம்மாவின் வளையலை அடகு வைத்து, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தவர் என் அப்பா. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு இருந்த ஒரே சொத்து "சொன்ன நேரத்துக்கு வருவாரு" என்ற பேர்தான். அந்தப் பேருக்கும் அன்று பங்கம் வந்தது.

அன்று இரவு அப்பா மெதுவாகக் கேட்டார்: "நீதான் கரண்ட்டு படிக்கிறியே... கொஞ்சம் இன்னான்னு பாரேன்டா."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின்னியல் டிப்ளமோ, மூன்றாம் ஆண்டு. மார்க்கும் மோசமில்லை. ஆனால் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து நின்றபோது எங்கே கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

மூன்று பேட்டரி, ஒரே பதில்

வண்டி ஒன்றும் ஓட்டை வண்டி இல்லை. மூன்று வருஷம் ஆன பி.எஸ்.-6 வண்டி. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அதன்பிறகு பதினான்கு மாதத்தில் மூன்று பேட்டரி படுத்தது. முதலில் வண்டியோடு வந்தது. அடுத்து 5,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. அதற்கும் அடுத்து, மறுபடி 5,500. வாரண்டி இருக்கிறதே என்று பில்லைத் தூக்கிக்கொண்டு போனால், "அடியோடு டிஸ்சார்ஜ் ஆனதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது.

கம்பெனி சர்வீஸுக்குப் போனோம். பேட்டரியைச் சோதித்தார்கள். "பேட்டரி வீக். மாத்திடுங்க. அதுவும் இல்லாம நீங்க வெளியில வயரிங் வேலை பண்ணியிருக்கீங்க, எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைக்குப் போனோம். ஆல்டர்னேட்டர் சரியாக 14 வோல்ட்டுக்கு மேலே கொடுக்கிறது என்று பார்த்துச் சொன்னார். "சார்ஜ் ஏறுது. அப்ப பேட்டரிதான்" என்றார்.

பேட்டரி வீக் என்று எல்லோரும் சொன்னது பொய் இல்லை. உண்மைதான்! ஈய-அமில பேட்டரி ஒருமுறை அடிமட்டம் வரை காலியானால் அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் போகும். திரும்பத் திரும்பக் காலியானால் புத்தம் புது பேட்டரியும் சில மாதங்களில் கிழமாகிவிடும். ஆகவே எப்போது சோதித்தாலும் "வீக்" என்றுதான் காட்டும். ஆனால் அது ஏன் காலியாகிறது? அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், தண்ணீரையா குறை சொல்வது?

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து. நோய் இன்னதென்று பார்ப்பதோடு நிற்காதே, நோய்க்கு முதல் காரணம் எதுவென்று பார் என்று வைத்தியருக்கு அங்கே பாடம் சொல்லியிருக்கிறார் வள்ளுவர். மனிதனுக்குச் சொன்னது மோட்டாருக்கும் பொருந்தும்.

அம்மா கொடுத்த துப்பு

துப்பு கொடுத்தது பொறியாளர் யாரும் இல்லை. பள்ளிக்கூடமே போகாத என் அம்மா.

"டேய், ஓடுற மாசமெல்லாம் இது நல்லாத்தானடா இருக்குது. சும்மா நின்னாத்தான் சாவுது. போன ஆடியில செத்துச்சு, மார்கழியில செத்துச்சு, இப்ப ஆடி முடியச் செத்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம்! ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ட்ரிப் குறைவு. வண்டி மூன்று நாள், நான்கு நாள் என்று வாசலிலேயே நிற்கும். பங்குனி உத்திரத்திலும் வைகாசி முகூர்த்தத்திலும் தினமும் ஓடியபோது ஒரு தொல்லையும் இல்லை. ஓடும்போது கெடவில்லை, நிற்கும்போது கெடுகிறது என்றால், நிற்கும் வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்?

பழைய அம்பாசடரில் சாவியை எடுத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிடும். கடிகாரம் இருந்தால் அது மட்டும் ஓடும். இன்றைய கார் அப்படி இல்லை. எஞ்சினுக்கு ஒன்று, கதவு-விளக்குகளுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, சாவியை அடையாளம் காண ஒன்று என்று பல குட்டிக் கம்ப்யூட்டர்கள். அவை தமக்குள் பேசிக்கொள்ள 'கேன்' என்று ஒரு பொதுக் கம்பிப் பாதை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது அது. வண்டியைப் பூட்டிய பிறகு இவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். எல்லாம் தூங்கிய பின்னும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருந்தால்தான் வினை.

ஒரு மீட்டர், ஒரு மணி நேரம்

நம் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கெஞ்சி ஒரு மல்டிமீட்டரை சனி, ஞாயிறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். பேட்டரியை மெதுவாக சார்ஜ் போட்டு வாங்கி வந்தோம். அதன் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து நடுவே தொடராக இணைத்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் அவசரப்பட்டு உள்ளே கை விட்டுச் சாவியைத் திருப்பித் தொலைத்தேன். மீட்டரின் ஃப்யூஸ் போயிற்று! ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று பரீட்சையில் எழுதியவன்தான் நான். எழுதியது வேறு, கைக்குத் தெரிந்தது வேறு. ஃப்யூஸை என் காசில் வாங்கிப் போட்டேன். அண்ணன் திட்டவில்லை. "இனிமே மறக்க மாட்ட" என்று சிரித்தார்.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

பானெட்டும் கதவும் திறந்திருந்தால் வண்டி தூங்காது. ஆகவே கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, மூடிவிட்டதாக வண்டியை நம்ப வைக்க வேண்டும். பொத்தான் சாவி என்றால் அதை வீட்டுக்குள் தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் இருந்தாலே சில வண்டிகள் விழித்துக்கொள்ளும். பிறகு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். முதலில் மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். பயப்படக் கூடாது. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கத் தூங்க எண் இறங்கும்.

எங்கள் வண்டியில் எண் இறங்கியது... இறங்கியது... 0.36-இல் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை!

கணக்கைப் பாருங்கள். 0.36 ஆம்பியர், 24 மணி நேரம். ஒரு நாளைக்கு 8.64 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45. மூன்று நாள் நின்றால் பாதிக்கு மேல் காலி. நான்காம் நாள் விடியற்காலை டக்... டக்... டக்! ஓம் விதிகூடத் தேவையில்லை, வெறும் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஆடியோ ஃப்யூஸைப் பிடுங்கியதும் எண் சடாரென்று 0.03-க்கு விழுந்தது. (ஃப்யூஸைப் பிடுங்கிச் செருகினால் தூங்கிய கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும் தொல்லை உண்டு. பிடுங்காமலே ஃப்யூஸின் இரு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ட் பார்த்து, எதில் மின்னோட்டம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது இன்னும் நல்ல முறை. அங்கேதான் ஓம் விதி வேலைக்கு வருகிறது.)

குற்றவாளி யார் தெரியுமா? பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. முதல் பேட்டரி சாவதற்குச் சில வாரம் முன்னால் ஒரு கடையில் மாட்டியது. "அப்பா, எல்லா வண்டியிலும் இருக்குதுப்பா" என்று நச்சரித்து மாட்ட வைத்தவன்... நான்தான்!

தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். டாஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டீரியோவுக்கு மஞ்சள் வயர் ஒன்று, அது எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும், நினைவுக்காக. சிவப்பு வயர் ஒன்று, அது சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் சேர வேண்டும். மாட்டியவர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டார். திரை இருட்டாகத்தான் இருந்தது, உள்ளே பெட்டி இரவு பகலாக விழித்திருந்தது. அண்ணன் சிவப்பு வயரைப் பிரித்து, தனி ஃப்யூஸ் வைத்துச் சரியான இடத்தில் சேர்த்தார். செலவு நூறு ரூபாய்க்குள். அதே மூன்றாவது பேட்டரி, கொஞ்சம் நொந்திருந்தாலும், இன்றும் ஓடுகிறது. இந்த மார்கழியில் வண்டி ஐந்து நாள் நின்றது. ஆறாம் நாள் ஒரே திருப்பில் கிளம்பியது.

யாரைப் பழிப்பது?

"வெளியில் வயரிங் செய்திருக்கிறீர்கள்" என்று சர்வீஸில் சொன்னது பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதிப் பாதியைச் சொல்லாமல் பேட்டரியை மாற்றச் சொன்னது எந்த நியாயம்? ஒரு மணி நேரம் காத்திருந்து அளக்க யாருக்கும் கூலி கிடையாது. பேட்டரி விற்றால் லாபம் உண்டு. கோளாறு அந்தக் கணக்கில் இருக்கிறது.

அதற்காக எல்லாப் பழியும் வண்டிக்காரன் தலையில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளி வயரிங் எதுவும் இல்லாமல், ஆலையிலிருந்து வந்தபடியே கோளாறான வண்டிகளும் உண்டு. நம் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் நிறுவனம் ஒருங்கிணைக்கும் ஐயானிக் 5 என்ற மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி தவிர, விளக்கு, பூட்டு, கம்ப்யூட்டர்களுக்காக நம் வண்டியில் இருப்பது போலவே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு சார்ஜ் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம், அதனால் சின்ன பேட்டரி காலியாகலாம் என்று 2024 ஜூனில் 1,744 கார்களை அந்த நிறுவனமே சோதனைக்குத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஆகஸ்டில், எஞ்சின் அறையில் வயர்கட்டு உரசிச் சேதமாகலாம் என்று 1,08,306 எக்ஸ்.யூ.வி. 700 வண்டிகளை மஹிந்திரா சோதனைக்கு அழைத்தது. குறையை ஒப்புக்கொண்டு அழைத்ததைப் பாராட்டுவோம். நான் சொல்ல வருவது, பல லட்ச ரூபாய் வண்டியிலும் வயரும் 12 வோல்ட்டும் தகராறு செய்யும் என்பதுதான். ஆகவே அளக்காமல் யாரையும் குற்றவாளி ஆக்காதே! பேட்டரியையும் சரி, டிரைவரையும் சரி, கம்பெனியையும் சரி.

பட்டறை அண்ணனின் கேள்வி

வேலை முடிந்து டீ குடிக்கும்போது மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, பழைய ஜீப்பு, அம்பாசடர்னா கண்ணைக் கட்டிக்கிட்டு வேலை செய்வேன். இது ஸ்டீரியோ வயரு, அதனால முடிஞ்சுது. உள்ள இருக்கிற கம்ப்யூட்டர்ல ஒண்ணு தூங்கலன்னு வச்சுக்க, நான் எதை வச்சுப் பாப்பேன்? வயரிங் படம் என்கிட்ட இல்ல. ஸ்கேனர் வாங்க வக்கு இல்ல. என்கிட்ட வந்த வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா போயிடுச்சு."

அவர் புலம்பலில் நியாயம் இருக்கிறது என்று நாட்டின் ஓர் ஆணையமே சொல்லியிருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. காரணம், உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் தகவல்களும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பது. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள்களோடு மோட்டார் வாகனமும் அதில் ஒரு பிரிவு. அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கென இணையதளமும் தொடங்கினார்கள். காகிதத்தில் வந்த உரிமை கூட்டேரிப்பட்டுப் பட்டறை வரைக்கும் எப்போது வரும்?

கம்பெனிகள் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா என்றால், உண்டு. ஏர்பேக் வயரிலும், மின்சார வண்டியின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயரிலும் விவரம் தெரியாதவன் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மருந்து விவரத்தை மறைப்பதா, விவரத்தைக் கற்றுக்கொடுப்பதா? கற்றுக்கொடுப்பதுதான் என்பேன்.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! கற்றுக்கொடுக்கும் இடம் நம்முடையது போன்ற பாலிடெக்னிக்தான். நம்மில் பெரும்பாலோர் டிரைவர் மகன், கூலிக்காரர் மகள், சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் நம் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தூர்க்க மாணவர் மன்றத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: ஓடாத பழைய காரானாலும் பரவாயில்லை, வயரிங் முழுசாக உள்ள ஒரு வண்டியை ஆய்வகத்துக்கு வாங்க நிர்வாகத்திடம் வேண்டுவோம். கூடவே நேர் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று, எல்லா வண்டிக்கும் பொதுவான ஸ்கேனர் ஒன்று.

இரண்டு: நின்ற வண்டியில் கசியும் மின்னோட்டத்தை அளப்பதை இரண்டு மணி நேரச் செய்முறை வகுப்பாக வைக்கச் சொல்வோம். மின்னியல், மோட்டார் வாகனம் இரண்டு துறை மாணவர்களும் சேர்ந்தே செய்வோம். பழுது துறை பார்த்து வருவதில்லை.

மூன்று: மாதம் ஒரு சனிக்கிழமை, மயிலம், கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் பட்டறைக்காரர்களை நம் ஆய்வகத்துக்கு அழைப்போம். மீட்டர் பிடிப்பதை நாம் சொல்லிக்கொடுப்போம். எந்த வயர் எந்தப் பக்கம் போகும் என்று விரல் நுனியில் வைத்திருப்பதை அவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் வண்டி சரியானதே அப்படித்தான். என்னிடம் மீட்டர் இருந்தது, அண்ணனிடம் கை இருந்தது, அம்மாவிடம் கண் இருந்தது. மூன்றும் சேர்ந்தபோதுதான் விடை கிடைத்தது.

போன மாதம் மயிலத்தில் மறுபடி ஒரு கல்யாணம். அப்பா கால் மணி நேரம் முன்னதாகவே போய் நின்றாராம். திரும்பி வந்தவர் என்னைப் பாராட்டி எதுவும் பேசவில்லை, அவர் வழக்கம் அது. தெரு முனையில் யாரோ வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றதாம், "எம் பையன வரச் சொல்றேன், மீட்டர் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

மீட்டரை ஆய்வகத்தில் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அன்று மாலையே திண்டிவனம் போய், சேர்த்து வைத்த பஸ் காசில் சொந்தமாக ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன்.

நீங்களும் ஒன்று வாங்குங்கள் தோழர்களே. அளந்த பின் பேசுவோம்! ஆராய்ந்த பின் மாற்றுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை